ரசீது எங்கே?

ஏழைகளுக்கென்று சர்க்கார் ஒதுக்கும் பணத்தைப் பற்றி நம் நாட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில், இத்தனை ஆயிரம் கோடி என்று ஆளும் கட்சியார் மார்தட்டுகிறார்கள். இது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று எதிர்க்கட்சியார் முழங்குகிறார்கள். இதெல்லாம் வீண் தானம் என்று வசதி படைத்தோர் முகம் சுளிக்கிறார்கள். இம்மூன்று திறத்தாரும் சில கேள்விகளை மட்டும் கேட்பதில்லை. அந்தப் பணத்தில் தனக்கும் பங்குண்டு என்பதை ஏழை எவ்வாறு அறிகிறாள்? அறிந்தபின் எந்த வாசலில் போய் நிற்கிறாள்? நின்று கேட்டபின் அவள் கையில் என்ன கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்? இவற்றுள் கடைசிக் கேள்வியே இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம்.

இவ்வுதவிகள் தயவால் வருவன அல்ல. 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 41-ஆவது ஷரத்து, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய காலங்களில் பொது உதவி பெறும் உரிமைக்கு ராஜ்யம் தன் சக்திக்கு உட்பட்டு வகை செய்ய வேண்டுமென்று கூறுகிறது. அந்த ஷரத்தைக் காட்டி நேராக நியாயஸ்தலத்தில் வழக்காட இயலாதென்பது மெய். ஆயினும் அதன் கருத்து சிறிது சிறிதாகச் சட்டமாகவும் திட்டமாகவும் உருவெடுத்து வந்திருக்கிறது. சென்னை ராஜ்யம் 1962 ஏப்ரலில் திக்கற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கிற்று. அந்த 20 ரூபாய் 2011-ல் 1,000 ஆகவும், 2023-ல் 1,200 ஆகவும் வளர்ந்தது. 1995 ஆகஸ்டு 15 முதல் மத்திய சர்க்காரும் முதியோர் உதவியில் பங்கு கொண்டது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. 2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியது. பெயரிலேயே ‘உரிமை’ என்ற சொல் ஏறிவிட்டது. நன்று. சொல் ஏறிய இடத்தில் பொருளும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நமது கடமை.

ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்யும் விதவை ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு எத்தனை உதவிகள் உண்டு என்று நம்மில் எத்தனை பேர் விரல் விட்டுச் சொல்லக் கூடும்? விதவை உதவித் தொகை உண்டு. கணவன் 60 வயது நிரம்பு முன் இறந்திருந்து, குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால், மத்திய சர்க்காரின் தேசிய குடும்ப நலத் திட்டத்தில் ஒரு முறை 20,000 ரூபாய் கொடுக்கும் வகையும் ஏற்பட்டது. இதைக் கேள்விப்பட்டவர்களே அபூர்வம். ஈமக்கடனுக்கு வட்டிக்கு வாங்கிய பணத்தைத் தீர்த்து முடித்து, ஆண்டுகள் கழிந்தபின், ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நின்றவள் சொல்லித்தான் பலர் அறிகிறார்கள். அறிந்து போய்க் கேட்டால், காலம் கடந்துவிட்டது என்கிறார்கள்.

திட்டங்கள் ஒரே காரியாலயத்திலும் இல்லை. உதவித் தொகைக்குத் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் கலெக்டர் காரியாலயத்தில் ஒரு மூலை. கட்டிட வேலை நலவாரியத்துக்குத் தொழிலாளர் துறை. பிள்ளையின் கல்வி உதவிக்குப் பள்ளிக்கூடமும் நலத்துறையும். உடற்குறையுள்ள மகளுக்கு ஜில்லாத் தலைநகரில் மற்றொரு காரியாலயம். ஒவ்வொன்றும் தன் கதவை மட்டும் அறியும். அடுத்த கதவில் என்ன கிடைக்கும் என்று சொல்ல அதற்குக் கடமையில்லை. காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தபின்தான் அட்டை இருக்கிறதா என்ற கேள்வி முதன்முதலாகக் காதில் விழுகிறது. அப்பொழுது நோயாளியைப் பார்க்க வேண்டிய மகன் வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுகிறான்.

அறிதலுக்குப் பின் காகிதம். ஆதாரில் ‘முனியம்மாள்’, குடும்ப அட்டையில் ‘முனியம்மா’, வாக்காளர் பட்டியலில் தலையெழுத்து வேறு. (தலையெழுத்து என்பதை இங்கே இரண்டு பொருளிலும் கொள்ளலாம்.) பிறந்த தேதி அறியாத முதியோருக்கு, ஆதார் பதிவு செய்த இளைஞர் முகத்தைப் பார்த்துத் தோராயமாக ஓர் ஆண்டைக் குறித்து, ஜனவரி 1 என்று தேதி போட்டுவிட்டார். அந்தத் தோராயம் இன்று கல்வெட்டாகிவிட்டது. பேரன் பேத்தி எடுத்த கிழவி, அட்டைப்படி 54 வயதுக்காரி. அதைத் திருத்த வேறொரு சான்று வேண்டும். அந்தச் சான்று வாங்க ஆதார் வேண்டும். கைப்பேசி எண் கேட்கிறார்கள். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. ஓ.டி.பி. எண் அங்கே போய் மணியடிக்கிறது. மகன் தறியோசையில் கவனிக்கவில்லை. நேரம் கடந்து எண் செத்துவிடுகிறது. கிழவி மறுநாள் வருகிறாள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விதித்த கட்டணம் 60 ரூபாய். அது பெரிதல்ல. பஸ் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, புகைப்படம், எல்லாவற்றுக்கும் மேலாக இழந்த நாளின் கூலி, இவற்றைக் கூட்டிப் பார்த்தால், மூன்று முறை அலைந்தவள் முதல் மாத உதவித் தொகையை வாங்கு முன்னரே செலவழித்துவிட்டாள்.

வருமானச் சான்றைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள் சொல்லாதிருக்க முடியாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு வருமான வரம்பு நெடுங்காலம் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது. பின்னர் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி வாங்கும் ஒரு மனிதன் ஆண்டில் 300 நாள் வேலை செய்தால் 1,20,000 ஆகிறது. மனைவியும் கூலிக்குப் போனால் வரம்பைத் தாண்டியாயிற்று. இவ்விருவரையும் செல்வந்தர் என்று எவரும் சொல்ல மாட்டார். ஆகவே என்ன நடக்கிறது? எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொய் எழுதப்படுகிறது. வரம்பு 72,000 ஆக இருந்த காலத்தில், ‘எழுபத்திரண்டாயிரம்’ என்பதே தமிழ்நாட்டு ஏழையின் அதிகார பூர்வமான வருமானமாக விளங்கிற்று. இதில் கெடுதல் எங்கே என்று கேட்கலாம். கெடுதல் இங்கேதான்: உண்மையை எழுதினால் கிடைக்காது என்றிருக்கும்போது, குறைத்து எழுதிக் கொடுத்தவர் உபகாரியாகிவிடுகிறார். உபகாரத்துக்குப் பிரதி எதிர்பார்க்கப்படுகிறது. உரிமையோடு நிமிர்ந்து வந்தவள் கடன்பட்டவளாகக் குனிந்து திரும்புகிறாள். லஞ்சம் பிறக்கும் இடங்களுள் இது ஒன்று. அது பிறக்கும்போது பெயர் லஞ்சமல்ல, நன்றி.

இதற்கு மாறான காட்சியும் நம் கண்ணெதிரே உண்டு. 2016 மே மாதத்தில் தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவாயிற்று. மாளிகைவாசியும் பெற்றார், குடிசைவாசியும் பெற்றார். எவராவது மனுக் கொடுத்தாரா? எந்தத் தாசில்தாராவது மாளிகைவாசியின் வருமானத்தை விசாரித்தாரா? 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று உத்தரவாயிற்று. கை காட்டினாள், ஏறினாள், சீட்டு வாங்கினாள், இறங்கினாள். சான்றில்லை, நகலில்லை, கைரேகையில்லை. வேலைக்காரப் பெண்ணும் கறிகாய்க்காரியும் மறுநாட் காலையிலேயே முழுப் பயனையும் அடைந்துவிட்டார்கள். ஆகவே சர்க்காருக்கு எளிய வழி தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் பொதுவென்றால் வழி எளிதாகிறது. ஏழைக்கு மட்டும் என்றால் வழியில் முள் வளர்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி வறுமைக்கோட்டைப் பாராமல் பொதுவாகக் கொடுக்கப்பட்டு வந்ததன் பெருமையை, குடும்பங்களைச் சலித்தெடுத்த வடராஜ்யங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். எனினும் எல்லா உதவியையும் எல்லாருக்கும் கொடுத்தல் இயலாதாகையால், விண்ணப்பம் என்ற வாயில் இருந்தே தீரும். அந்த வாயிலை நேராக வைப்பதெப்படி என்பதே கேள்வி.

இனி ரசீது விஷயத்துக்கு வருவோம். சர்க்கார் தரப்பில் உடனே ஒரு பதில் சொல்வார்கள்: இ-சேவை மையத்தில் பதிந்தால் எண் கொடுக்கிறோமே, திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் சீட்டுக் கொடுக்கிறோமே என்பார்கள். மெய்தான். ஆனால் மறுப்புகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் வரை போவதே இல்லை. அவை வாசற்படியிலேயே நிகழ்கின்றன. “உனக்கு மகன் இருக்கான்ல, கிடைக்காது.” “இப்ப புதுசா எடுக்கறதில்ல, பாட்டி.” “அடுத்த வாரம் வாங்க, ஐயா லீவு.” இச்சொற்களுக்குத் தேதியில்லை, எண்ணில்லை, கையெழுத்தில்லை. இப்படித் திரும்பியவள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஆண்டு முடிவில் பெற்ற மனுக்கள் இத்தனை, தீர்த்த மனுக்கள் இத்தனை என்று அச்சிட்டு வெளியிடுகிறார்கள். பெறப்படாத மனு அதில் எப்படி இருக்கும்? தீர்த்தவை என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு காரியாலயம் மற்றொரு காரியாலயத்துக்கு அனுப்பிவைத்தால் அதுவும் தீர்வு என்றே பதியப்படுவதை மனுதாரர் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டின் கிராம வேலையுறுதிச் சட்டத்தை இயற்றியவர்கள் இந்த ரகசியத்தை நன்கறிந்திருந்தார்கள். வேலை கேட்டு மனுக் கொடுத்தவருக்குத் தேதியிட்ட ரசீது கொடுக்க வேண்டும். 15 நாளுக்குள் வேலை கொடாவிடில் வேலையின்மைப் படி கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். ரசீதில் தேதி விழுந்த கணத்தில் சர்க்காரின் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனாலேயே நாட்டின் பல பாகங்களில் ரசீது கொடுக்கப்படவில்லை. மனு வாய்வார்த்தையாக நின்றது. வேலை வந்தபோது, அன்றுதான் கேட்டதாக எழுதிக்கொள்ளப்பட்டது. படி கொடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை. அச்சட்டத்தின் ஸ்தானத்தில் 2025 டிசம்பரில் பார்லிமெண்டு வேறொரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. பெயர் எதுவாயினும், நாட்கணக்கு எதுவாயினும், ரசீதைக் கேட்கத் தெரிந்த தொழிலாளி இல்லாத ஊரில் எந்தச் சட்டமும் ஒன்றுதான்.

மறுப்புக்குக் காரணம் எழுதிக் கொடுப்பதால் என்ன விளையும் என்பதற்கு, தமிழ்நாட்டிலேயே நல்ல திருஷ்டாந்தம் கிடைத்திருக்கிறது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். ஏற்கப்பட்டவை சுமார் 1 கோடியே 6 லட்சம். எஞ்சிய 56 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் காரணத்தைக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். பலர் செய்தார்கள். விளைவு? அவ்வாண்டு நவம்பரிலேயே ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மகளிர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இதே செய்தியை மறுபுறம் திருப்பிப் படித்தால் என்ன தெரிகிறது? மேல்முறையீடு என்ற வழி இல்லாதிருந்தால், அந்த ஏழு லட்சம் பேரும் தகுதியற்றவர் என்ற முத்திரையோடு வீட்டிலிருந்திருப்பார்கள். அதில் இன்னொன்றும் தெரிகிறது: குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாமலும், கைப்பேசி வேறொருவர் கையிலிருந்ததாலும், மறுபடியும் இ-சேவை மையத்துக்கு அலையக் கூலியை இழக்க முடியாமலும் முறையிடாது விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் தகுதியுடையவர் ஒருவருமில்லை என்று சத்தியம் செய்ய எந்த அதிகாரியும் முன்வர மாட்டார். உரிமைத் தொகையில் காட்டிய இந்த மரியாதையை முதியோர் உதவிக்கும் விதவை உதவிக்கும் நலவாரியத்துக்கும் ஏன் காட்டலாகாது?

மற்ற ராஜ்யங்கள் இவ்விஷயத்தில் நமக்கு முந்திக்கொண்டன. மத்தியப் பிரதேசம் 2010-ல் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் இயற்றியது. குறித்த நாளுக்குள் சேவையைக் கொடாத உத்தியோகஸ்தர் நாளொன்றுக்கு 250 ரூபாய், 5,000 ரூபாய் வரையில், தம் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டுமென்று அதில் வகை செய்யப்பட்டது. பீஹாரும் கர்நாடகமும் 2011-லும், கேரளம் 2012-லும் தத்தம் சட்டங்களை இயற்றின. இச்சட்டங்களால் பால் பெருக்கெடுத்தோடுகிறது என்று நாம் சொல்லவில்லை. சட்டம் கையிலிருந்தால் கேட்பவன் குரலில் ஒரு கட்டை கூடும், அவ்வளவே. நிர்வாகத் திறமையில் எவருக்கும் இளைத்ததல்ல என்று பெருமை பேசும் தமிழ்நாட்டில், 2024-ஆம் ஆண்டு முடிய அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. திறமை இருக்குமிடத்தில் சட்டத்துக்கு அஞ்சுவானேன்?

மத்திய சர்க்காரின் பங்குக்கும் ஒரு வார்த்தை. 80 வயதுக்கு உட்பட்ட ஏழை முதியோருக்கு டில்லி கொடுக்கும் பங்கு 2007-ல் மாதம் 200 ரூபாயாக இருந்தது. 2025-லும் அதே 200 ரூபாய்தான். எத்தனை பேருக்குக் கொடுப்பது என்பதற்கும் ராஜ்யவாரியாக உச்ச எண் விதித்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் 2001-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கும் 2004-05-ஆம் ஆண்டின் வறுமைக் கணக்கும். அதற்குப் பின் முதுமையடைந்தவர்கள் டில்லியின் கணக்கில் இன்னும் இளைஞர்கள் போலும்! எண்ணிக்கை நிரம்பிய இடத்தில், தகுதியிருந்தும் கிழவி காத்திருக்கிறாள். எதற்கு? மற்றொரு கிழவி சாவதற்கு. இதை அவளிடம் எழுத்தில் சொல்ல எந்தக் காரியாலயத்துக்கும் துணிவில்லை. ‘நீ தகுதியுடையவள், ஆனால் இடமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், அத்தகைய காகிதங்கள் ஒரு ஜில்லாவில் எத்தனை என்று எண்ணிவிடலாம். எண்ணிய மறுநாள் அது பார்லிமெண்டில் கேள்வியாகிவிடும். காகிதம் மறுக்கப்படுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

கைரேகை விஷயத்தையும் நாம் மறக்கவில்லை. செங்கல் சுமந்தும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காண மறுக்கிறது. உழைத்த கைக்கே இந்தத் தண்டனை. ஜார்க்கண்டு ராஜ்யத்தின் சிம்டேகா ஜில்லாவில் 2017 செப்டம்பரில், ஆதாருடன் இணைக்கப்படாததால் ரேஷன் கார்டு ரத்தான ஒரு குடும்பத்தின் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றாள் தாய். மலேரியாக் காய்ச்சல் என்றது நிர்வாகம். அந்த விவாதத்தில் நாம் புகவில்லை. கார்டு ரத்தானதை எவரும் மறுக்கவில்லை; அதுவே போதும். அதற்குப் பின் அவ்வாண்டு அக்டோபரில் மத்திய உணவு இலாகா, ஆதார் இல்லை என்பதற்காக எவருக்கும் தானியம் மறுக்கலாகாதென்று ராஜ்யங்களுக்கு எழுதியது. ஆதார் எண் கிடைக்கப் பெறாதவர்க்கு வேறு அடையாளத்தை ஏற்க வேண்டும் என்பது ஆதார் சட்டத்தின் 7-ஆவது பிரிவிலேயே உள்ள விஷயம். இவை ரேஷன் கடைச் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றனவா? கடை திறக்கும் நேரமும் இருப்பிலுள்ள சர்க்கரையின் எடையும் எழுதப்பட்டிருக்கின்றன.

தகுதியற்றவர்கள் ஏமாற்றிப் பெறுகிறார்களே, அவர்களைத் தடுக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்; தண்டிக்கவும் வேண்டும். ஆனால் ஏமாற்றுக்காரனுக்குக் காகிதம் ஒரு தடையே அல்ல. அவனுக்குத் தரகர் உண்டு, கார் உண்டு, காரியாலயத்தில் சிநேகிதர் உண்டு. பத்துக் காகிதம் கேட்டால் பதினொன்று கொண்டு வருவான். பத்தாவது காகிதத்தில் தடுக்கி விழுகிறவள் ஏழை. சல்லடையை மேன்மேலும் நுணுக்கினால் பதர் போய்விடும் என்று நினைத்துக் கொண்டு, நெல்லையே கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் வாசகர்களிடம் நேராகப் பேச விரும்புகிறோம். இப்பத்திரிகையைப் படிப்பவர்கள் எழுத்தறிந்தவர்கள். பெரும்பாலோர் ஏதேனும் ஓர் இயக்கத்தில் ஈடுபட்டவர்கள். மனு எழுதுதல் தேசத் தொண்டாகுமா என்று உங்களுட் சிலர் நகைக்கக் கூடும். நகைப்பதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. காங்கிரசின் ஆரம்ப காலத்து மிதவாதிகள் ஆண்டுதோறும் தீர்மானமும் விண்ணப்பமுமாகக் காலங்கழித்ததைப் பிற்காலத்துத் தீவிரக் கட்சியார் பிச்சை என்று இகழ்ந்தார்கள். அந்நியனிடம் கை கட்டி நின்றதை இகழ்ந்தது சரியே. ஆனால் அதற்கும் முந்திய ஒரு மனுவை நினைவூட்டுகிறோம். 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில் தோன்றிய சென்னை சுதேசிகள் சங்கம், நிலவரி வசூலில் குடிகள் படும் துன்பத்தை விவரித்துப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. அதன் விளைவாக எழுந்த விசாரணையில், வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்வது உண்மையென்று 1855-ல் கமிஷனே அறிக்கை கொடுத்தது. அந்த மனுவின் பலம் அதன் பணிவில் இல்லை. அதில் அடங்கிய விவரத்தில் இருந்தது. இன்று சர்க்கார் நம்முடையது. நம் சர்க்காரிடம் நாம் கொடுக்கும் விண்ணப்பம் பிச்சைப் பாத்திரமன்று. வரவேண்டிய பாக்கிக்கு அனுப்பும் பட்டி.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மேடைக்கும் மாலைக்கும் செலவாகும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஊர்ச் சாவடியிலோ, நூல் நிலையத்துத் திண்ணையிலோ, ரேஷன் கடை எதிரிலோ ஒரு மேஜை போடுங்கள். கட்சிக் கொடி வேண்டாம். கொடி கட்டினால் எதிர்க்கட்சிக்காரனின் தாய் அங்கே வரமாட்டாள். ஒரு காசும் வாங்க வேண்டாம். தேநீர் கூட வேண்டாம். மனுவில் அலங்காரம் எதற்கு? ‘கருணைக் கடலே, காமதேனுவே’ என்று நான்கு பக்கம் எழுதும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. யார், எந்த ஊர், எந்தத் திட்டம், என்ன தகுதி, இணைத்த நகல்கள் எவை. ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் காரியாலய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் இலாகாவின் ரசீதை எந்தக் குமாஸ்தாவும் மறுக்க முடியாது. அப்படியும் பதில் வராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, என் மனு இன்ன தேதியில் கொடுக்கப்பட்டது, அதன்மேல் எந்த உத்தியோகஸ்தர் என்றைக்கு என்ன செய்தார் என்று கேட்டு ஒரு கடிதம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவரென்று சான்று இணைத்தால் அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நெடுநாள் உறங்கிய மனு இக்கடிதம் கிடைத்த மறுவாரமே விழித்துக்கொள்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறோம். தரகர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். விவரம் தெரியாதவளுக்கு விவரம் தெரிந்தவன் என்ற முறையில் வந்து, பிறகு முதல் மாதத் தொகை எனக்கு என்று ஆனான். அவளுடைய அசல் அட்டைகளை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரசீது அவள் கையிலேயே இருக்கட்டும். அதன் எண்ணும் தேதியும் மட்டும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில். அந்தப் புத்தகத்தில் பெயர், திட்டம், கொடுத்த தேதி, வந்த பதில் என்று நான்கு பத்தி கிழித்து, ஆறு மாதம் எழுதிவந்தால், உங்கள் தாலுகாவில் எந்தக் காரியாலயத்தில் எந்த மனு எத்தனை நாள் தூங்குகிறது என்று நீங்களே காண்பீர்கள். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் அதிகாரிகள் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தமரும்போது, அந்த நான்கு பத்தியையும் படித்துக் காட்டுங்கள். அதில் ஒரு பிரதியை நமக்கும் அனுப்பினால், காரியாலயங்களின் பெயரோடு இப்பக்கத்திலேயே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.